எங்கள் கடைக் கொம்பியூட்டரில் வடிவாகத்தான் தெரிகிறது

வெள்ளவத்தையில் ஒரு ஆள் செத்ததாக டொக்டர் சொன்னால் மட்டும் போதாது. இணையத்தில் வர வேண்டும். கனடாவில் இருக்கிற மைத்துனரின் மருமகள் காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே போனைத் தட்டி, "ஐயோ, இவரும் போயிட்டாரோ" என்று சொன்ன பிறகுதான் அந்தச் சாவு சாவாகிறது.

நான்கு வருடமாக இதுதான் என் வேலை. காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில், போட்டோக்கொப்பி, லமினேற்றிங், பாஸ்போர்ட் படம் எல்லாம் செய்கிற சின்னக் கடை. அதன் பின்பக்க மேசையில் இருந்து மரண அறிவித்தல் பக்கங்களைச் செய்து இணையத்தில் ஏற்றுகிறேன். ஓ.எல். சோதனை எடுக்காமல் பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இது மோசமான வேலை இல்லை. செத்தவர்கள் யாரும் என்னிடம் சான்றிதழ் கேட்டதில்லை.

வருகிற குடும்பங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான். கொப்பித் தாளில் எழுதின பட்டியல் ஒன்றோடு வருவார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று செத்தவருக்கு இரண்டு வரி. மிச்சம் இருபது வரியும் உயிரோடு இருப்பவர்களுக்கு. அன்பு மகள், பாசமிகு சகோதரி, அருமை மைத்துனி என்று ஒவ்வொரு உறவாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு நாடு. பக்கத்தில் நாடு இல்லாதவர்கள் பாவம், கொழும்பிலேயே இருந்து செத்தவருக்குக் கடைசிவரை வாயில் சோறு தீத்தினவர்கள்.

"தங்கச்சி, மூத்த மருமகனுக்குப் பக்கத்தில பொறியியலாளர் எண்டு போடுங்கோ."

"அப்ப என்ர மனிசன் என்ன, சும்மா ஆளோ? அவருக்கும் ஏதாவது போடுங்கோ."

"உம்மட மனிசன் லண்டனில என்ன செய்யிறார் எண்டு போட்டா உமக்குத்தான் வெக்கம்."

இரண்டு சகோதரிகள், தகப்பன் செத்து ஐந்து மணித்தியாலத்தில், என் மேசைக்கு முன்னால் நின்று கதைத்தது இது. நான் மூஞ்சியை நேராக வைத்துக்கொண்டு இருவரின் கணவர்மாருக்கும் ஒன்றும் போடாமல் விட்டேன்.

சிரிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் வராவிட்டால் அந்த ஆள் குடும்பத்தில் இல்லை. எங்கள் ஆட்கள் யாரையும் வாய் திறந்து தள்ளி வைப்பதில்லை. பட்டியலில் விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான், எல்லா நாட்டுக்கும் தெரிந்துவிடும்.

கடை முதலாளியை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். தமிழ் தட்டச்சில் அவருடைய கை ஓடுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் அவர் அடிப்பது பழைய காலத்துப் பொன்ட் ஒன்றில், அதாவது எழுத்துரு ஒன்றில். அந்தப் பொன்டுக்குள் தமிழே கிடையாது. உள்ளே முழுக்க ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உடுப்பு. எங்கள் கடைக் கொம்பியூட்டரில் அந்த உடுப்பு இருக்கிறது. அதனால் பக்கத்தைத் திறந்தால் 'அமரர்' என்று கம்பீரமாக நிற்கும். அதையே ரொறன்ரோவில் ஒருவர் தன் போனில் திறந்தால் உடுப்பு இல்லை. கொமாவும் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் குப்பைக்கூடையைக் கவிழ்த்த மாதிரிக் கிடக்கும். நடுவில் செத்தவரின் படம் மட்டும் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்போது கோல் வரும்.

"ஹலோ, என்ர அப்பான்ர நோட்டீசைத் திறந்தன். ஆரோ ரைப்ரைட்டருக்கு மேல பூனையை விட்ட மாதிரிக் கிடக்கு."

"எங்கட கொம்பியூட்டரில வடிவாத்தானே தெரியுது" என்பார் அண்ணை.

"அதுக்கு நான் உங்கட கடைக்கு வந்தே பாக்கிறது? நான் இருக்கிறது ரொறன்ரோவில."

"பொன்டை இறக்கிப் போடுங்கோ."

"போனில எப்பிடி இறக்கிறது?"

"சில போனில அப்பிடித்தான். நல்ல போன் ஒண்டு வாங்குங்கோ."

வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "வெளிநாட்டுக்குப் போயும் இவையளுக்கு ஒரு நல்ல போன் இல்லை" என்பார்.

இடையில் கொஞ்சக் காலம் அறிவித்தல் முழுவதையும் படமாக்கிப் போட்டார். எழுத்து எறும்பு மாதிரி இருந்தாலும் தமிழாக இருந்தது. ஆனால் விடுபட்ட மருமகன்மார் ஒவ்வொருவராகக் கோல் எடுக்க எடுக்க, ஒவ்வொரு பெயருக்கும் முழுப் படத்தையும் திரும்பச் செய்ய வேண்டி வந்தது. ஒரு செத்த வீட்டுக்கு ஒன்பது தரம் செய்த அன்று அந்த முறையைக் கைவிட்டார்.

நான் போனில் வீடியோக்கள் பார்த்துத்தான் இந்த வேலையைப் படித்தேன். பாதி ஆங்கிலம் விளங்காது. விளங்கின பாதியை வைத்து மிச்சத்தைப் பிடிப்பேன். அப்படித்தான் ஒருநாள் அவரிடம் போனேன்.

"அண்ணை, யூனிகோட்டில அடிச்சா எல்லா இடத்திலயும் தமிழாத் தெரியும்."

"ஆர் உமக்குச் சொன்னது?"

"வீடியோவில பாத்தனான்."

"இருபது வருசமா இந்தக் கை இப்பிடித்தான் அடிக்குது. வீடியோவைப் பாத்துக் கையை மாத்தேலாது."

"கையை மாத்தத் தேவையில்லை. அதே கீபோர்ட்டில அப்பிடியே அடிக்கலாம் அண்ணை."

"நீர் படத்தை வெட்டி ஒட்டும் பிள்ளை."

வெட்டி ஒட்டினேன். அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நானும் சிரித்தவள்தான். அவர் இல்லாத நேரம் வெளிநாட்டுக் கோல் வந்தால், "சில போனில அப்பிடித்தான் அக்கா" என்று அவரைப் போலவே சொல்லப் பழகியிருந்தேன். ஒரு பெண் அழுதுகொண்டு, "அம்மான்ர பேராவது எந்த இடத்தில இருக்கெண்டு சொல்லுங்கோ, நான் அதைப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று கேட்டாள். அவளுக்கும் அதையேதான் சொன்னேன். வைத்த பிறகு, போட்டோக்கொப்பி எடுக்க வந்த ஆளிடம் அவள் அழுத மாதிரி நடித்தும் காட்டினேன். அப்போது என் அம்மா உயிரோடு இருந்தார்.

அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். கிருலப்பனையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. களுபோவில ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தார். பத்தாம் நாள் பின்னேரம் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பிக்குச் சொல்லிவிடு பிள்ளை. என்னைக் கொண்டுபோறதுக்கு முன்னம் சொல்லிவிடு."

"மாமான்ர நம்பர் எங்களிட்ட இல்லையேம்மா."

"உன்ர கொம்பியூட்டரில போடு. அவன் பாப்பான்."

நான் செய்கிற வேலையில் நம்பிக்கை வைத்த ஒரே ஆள் அம்மாதான். அதையும் சாகிற நேரத்தில்தான் சொன்னார். அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, விடிய நான் கன்ரீனுக்குப் பிளேன்ரீ வாங்கப் போன நேரம் பார்த்துப் போய்விட்டார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பாரிசில் இருக்கிறார். பன்னிரண்டு வருடமாகக் கதை பேச்சில்லை. அவர் கொட்டாஞ்சேனையில் ஒரு துறைமுகத் தொழிலாளியின் மகளைக் கட்டிக்கொண்டு போனார். சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண். கலியாணத்துக்கு எங்கள் பக்கம் ஒருவரும் போகவில்லை. "அவளோட இந்தப் படி ஏறாதே" என்று அம்மாதான் போனில் சொன்னார். மாமா படி ஏறவில்லை, நம்பரையும் மாற்றிவிட்டார். எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரே பெயர்தான், கொட்டாஞ்சேனைக்காரி. வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் கொட்டாஞ்சேனை ஒன்றும் தூரமில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் கதைக்கும்போது அது பாரிசுக்கும் அங்காலே இருக்கும்.

அம்மாவின் உடலை மலர்ச்சாலையில் வைத்தோம். வியாழக்கிழமை மத்தியானம் கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோவதாக முடிவு. முடிவெடுத்தது பெரியம்மா, அம்மாவின் மூத்த அக்கா. வெள்ளவத்தையில் கடல் தெரிகிற பிளாட்டில் இருப்பவர். எங்கள் குடும்பத்தில் யார் எப்போது அழ வேண்டும் என்பதுவரை அவர்தான் முடிவெடுப்பார்.

அண்ணை பேனையும் கொப்பியுமாக வந்திருந்தார். "உமக்கெண்டபடியா ஸ்பெசலாச் செய்யிறன் பிள்ளை. ரெண்டு பக்கமும் எரியிற விளக்குப் போடுவம்" என்றார். பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதினார். சகோதரர் வரியில் பெரியம்மாவின் பெயரோடு பேனை நின்றது.

"மாமான்ர பேரையும் போடுங்கோ அண்ணை" என்றேன்.

"எந்த மாமா?" என்றார் பெரியம்மா. "எனக்குத் தம்பி இல்லை. இவளுக்கும் இல்லை."

"அம்மா சொன்னவ பெரியம்மா. மாமாவுக்கு அறிவிக்கச் சொன்னவ."

"வருத்தக்காரர் ஆயிரம் சொல்லுவினம். எழுதுங்கோ தம்பி, அடுத்தது மைத்துனர்."

அண்ணை என்னைப் பார்க்காமல் எழுதினார்.

பின்னேரம் பக்கம் வந்தது. மலர்ச்சாலை வாசலில் நின்று என் போனில் திறந்தேன். இரண்டு பக்கமும் விளக்கு துடித்துத் துடித்து எரிந்தது. நடுவில் அம்மா. ஒரு கலியாண வீட்டுப் படத்தில் இருந்து அவசரத்தில் வெட்டியதால் அம்மாவின் தோளில் யாரோ ஒருவரின் கை மிச்சமாக இருந்தது. மோதிரத்தைப் பார்த்தேன், பெரியம்மாவின் கை. அதற்குக் கீழே இருபது வரி கொமாவும் அரைப்புள்ளியும். அம்மாவின் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடினேன். அழுதுகொண்டு கோல் எடுத்த அந்தப் பெண்ணைப் போலவே, ஒவ்வொரு வரியாகத் தேடினேன்.

புதன் காலை பெரியம்மா கோப்பி குடிக்கிற நேரம் பார்த்துக் கடைக்கு நடந்தேன்.

"செத்த வீட்டுத் துடக்கோட கடைக்கு வரக்கூடாது பிள்ளை" என்றார் அண்ணை.

"கீபோர்ட்டுக்குத் துடக்கு ஒட்டாது அண்ணை. பிறகு துடைச்சுவிடுறன்."

அவருக்கு முன்பக்கம் ஆட்கள் நின்றார்கள். நான் பின்பக்க மேசையில் இருந்துவிட்டேன். முதலில் அவர் அடித்ததையே மாற்றிக் கொடுக்கிற ஒரு கருவியைப் பிடித்துப் பார்த்தேன். அது எழுத்தை மாற்றியது, ஆனால் ஒற்றைக்கொம்பு எல்லாம் எழுத்தை விட்டுக் கழன்று, பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றது. அழித்துவிட்டு எல்லாவற்றையும் யூனிகோட்டில் நானே அடித்தேன். பக்கத்தின் தலையில், உள்ளே இருக்கிற எழுத்து எந்த முறையில் எழுதியது என்று ஒரு வரி சொல்லி வைத்தேன். போனில் தமிழ் இல்லாவிட்டாலும் தெரிவதற்காகத் தமிழ் பொன்ட் ஒன்றைப் பக்கத்தோடேயே அனுப்பினேன். வரிக்கும் வரிக்கும் இடையில் இருந்தது ஆங்கிலத்துக்கு அளந்த இடைவெளி. அதனால் கீழே இறங்குகிற எழுத்தின் வால்கள் வெட்டுப்பட்டன. அதைக் கூட்டினேன். துடிக்கிற விளக்கை அணைத்தேன். தோளில் இருந்த கையை மட்டும் விட்டுவிட்டேன். வெட்டினால் அம்மாவின் தோளும் போகும்.

சகோதரர் வரியில் மாமாவின் பெயரை அடித்தேன். அடைப்புக்குள் பிரான்ஸ். தொடர்புக்கு என் நம்பர். அந்தக் கணம் நான் பெரிய புரட்சி செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

சரியாகத் தெரிகிறதா என்று கடைக் கொம்பியூட்டரில் பார்க்கவில்லை. அதில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். மலர்ச்சாலைக்குத் திரும்பி வந்து, அழ வந்தவர்களிடம் போன் சேர்த்தேன்.

"ஆன்ரி, உங்கட போனை ஒருக்காத் தாங்கோ."

"ஏன் பிள்ளை, ஆருக்கும் கோல் எடுக்கோணுமோ?"

"இல்லை. அம்மாவைப் பாக்கோணும்."

"அம்மா அங்க கிடக்கிறாதானே!"

அந்த ஆன்ரி எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று பக்கத்து ஆன்ரிக்குச் சொன்னது கேட்டது. பரவாயில்லை. பதினேழு போன் பார்த்தேன். ஒன்றில் எழுத்து பெரிதாகி ஓரத்தால் வெளியே ஓடியது. என் போனில் இருந்தே திருத்தினேன். ஒரு பழைய போனில் தலைப்பு மட்டும் வெறும் பெட்டிகளாக நின்றது. தலைப்புக்குப் பொன்ட் சொல்ல மறந்திருக்கிறேன். அதையும் திருத்தினேன். மலர்ச்சாலையில் பூ அடுக்கிக்கொண்டிருந்த சிங்கள ஆள், "நங்கி, மொகத கரன்னே?" என்று, நான் என்ன செய்கிறேன் எனச் சிங்களத்தில் கேட்டுவிட்டுத் தன் போனையும் நீட்டினார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவருடைய போனில் ஒரு பிழையும் இல்லாமல் அம்மா வந்தார். "லஸ்ஸனய்" என்றார். அழகாக இருக்கிறது என்று அந்தப் பக்கத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு, அதில் ஒரு எழுத்தும் தெரியாத ஆளிடம் இருந்து.

பின்னேரம் ஆறு மணி போல என் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

"அக்கான்ர பெட்டையே கதைக்கிறது?"

"ஓம். நீங்கள் ஆர்?"

"மாமா."

வெளியே போய் ஒரு மதில் கரையில் நின்றேன். அவர் அழுவார், நானும் அழுவேன், அம்மா சொன்னது முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

"என்ர மனிசின்ர பேர் எங்க?" என்றார்.

"என்ன மாமா?"

"என்னைப் போட்டிருக்கிறாய், சரி. மைத்துனர் எண்ட இடத்தில பெரியத்தான்ர பேர் மட்டும்தான் கிடக்கு. அவளைக் காணேல்ல. பன்னிரண்டு வருசம் போயும் இன்னும் இப்பிடியே செய்யிறியள்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உள்ளே அம்மா கிடக்கிறார். இந்த மனிதனும் பட்டியலுக்குத்தான் கோல் எடுத்திருக்கிறார். பொறியியலாளர் மருமகனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? நாக்கு நுனியில் கெட்ட சொல் ஒன்று வந்து நின்றது. ஆனால் வாயில் இருந்து வந்தது வேறு.

"எனக்கு மாமின்ர பேர் தெரியாது மாமா."

"என்ன சொல்லுறாய்?" என்றார்.

"உண்மையாத்தான். எங்கட வீட்டில ஒருத்தரும் ஒருநாளும் சொன்னதில்லை. வேணுமெண்டு விடேல்ல. எழுதேக்க அப்பிடி ஒரு ஆள் இருக்கிறா எண்டே எனக்கு யோசனை வரேல்ல."

அதைச் சொன்ன பிறகுதான், வேண்டுமென்று விட்டிருந்தால்கூட இதைவிடப் பரவாயில்லை என்று விளங்கியது. பெரியம்மா வாய் திறந்து இல்லை என்றார். நான் இல்லை என்றுகூடச் சொல்லாமலே அந்த ஆளை இல்லாமல் செய்துவிட்டேன்.

"பொறு. அவளிட்டயே கேள்" என்றார் மாமா.

"புள்ள," என்றது ஒரு குரல். கொட்டாஞ்சேனைப் பேச்சு பாரிசிலும் மாறவில்லை. "போடாட்டியும் பரவாயில்ல புள்ள. அவங்களுக்குப் புடிக்காதுன்னா வேணாம். இவர் சும்மா கத்துறார், மனசு கேக்காம."

"பேரைச் சொல்லுங்கோ மாமி."

சொன்னார். சாதாரணப் பெயர். எங்கள் ஒழுங்கையில் கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பன்னிரண்டு வருடமாக நாங்கள் சொல்லாமல் விட்ட பெயர் இவ்வளவுதான்.

மதிலில் சாய்ந்துகொண்டு, கோலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அதே போனில் அடித்தேன். அடிக்க அடிக்க மாமா கதைத்தார்.

"நேற்றே படத்தைப் பாத்தனான் பிள்ளை. மத்தியானம் வேலைக்கு வெளிக்கிடேக்க தட்டிப் பாக்கிறனான். அக்கா மாதிரிக் கிடந்தது. தோளில பெரியக்கான்ர மோதிரம் மாதிரியும் கிடந்தது. ஆனா பேரை வாசிக்கேலாது, ஊரையும் வாசிக்கேலாது. அப்ப வேற ஆரோ எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறிட்டன். இரவு வந்து இவளுக்குக் காட்டினன். இவள் அக்காதான் எண்டவள். நான் ஏசினனான். இண்டைக்குத்தான் தமிழா வந்திருக்கு."

அந்த ஒரு நாள் அண்ணையும் அவருடைய பொன்டும் மாமாவுக்குக் கொடுத்த ஒரு நாள். அந்த நாள் முழுக்க மாமாவுக்கு அக்கா உயிரோடு இருந்தார். நான்தான் அதைத் திருத்திவிட்டேன்.

"இப்ப திறந்து பாருங்கோ மாமா."

"பொறு." பிறகு, "வந்திட்டுது" என்றார். "ரெண்டு பேரும் வந்திட்டம்."

அப்போதுதான் அழத் தொடங்கினார். எனக்கும் அப்போதுதான் வந்தது. மதிலுக்கு மறுபக்கம் யாரோ கார் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் முடிக்கும்வரை துடைப்பதை நிறுத்தி வைத்திருந்தார். நாளைக்கு அம்மாவைத் தூக்கும்போது வீடியோ கோலில் இருவருக்கும் காட்டுவதாகச் சொல்லி வைத்தேன்.

வியாழன் காலை அண்ணை முகமெல்லாம் பூரிப்போடு மலர்ச்சாலைக்கு வந்தார். "உம்மட பக்கத்தைக் கடையில திறந்து பாத்தனான் பிள்ளை. வடிவாத்தான் தெரியுது. நான் அப்பவே சொன்னனான்தானே." என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பெரியம்மாவுக்குக் கனடாவில் இருந்து கோல் வந்துவிட்டது. அது வராமல் எப்படி? அம்மாவின் கால்மாட்டில் கதிரை போட்டிருந்தவர் என்னைக் கையால் கூப்பிட்டார்.

"என்னடி செய்து வச்சிருக்கிறாய்? தம்பின்ர பேர் வந்திருக்காம். அவளின்ர பேரும் வந்திருக்காமே?"

"நீங்களே பாருங்கோ பெரியம்மா."

கண்ணாடியைப் போட்டார். போனைத் தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். இரண்டு விரலால் பெருப்பித்தார். நிறைய நேரம் பார்த்தார். அழுதுகொண்டிருந்த ஆன்ரிமார் அழுகையை நிறுத்திவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்தார்கள். அம்மாவைச் சுற்றி நின்றவர்கள் முன்னால் அவர் கத்தப்போகிறார், எடுக்கச் சொல்லப்போகிறார், நான் முடியாது என்று சொல்லப்போகிறேன் என்று காத்து நின்றேன்.

"என்ர போனில ஒண்டும் தெரியேல்ல" என்றார். "பெட்டி பெட்டியா வருது."

போனை வாங்கிப் பார்த்தேன். பெட்டி ஒன்றும் இல்லை. பக்கம் ஒரே வரியில் பெருப்பித்தபடி நின்றது. மாமியின் பெயர் திரை முழுவதும் நிறைந்து, ஒரு எழுத்தும் கழலாமல், ஒரு வாலும் வெட்டுப்படாமல் இருந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஓம் பெரியம்மா" என்றேன். "சில போனில அப்பிடித்தான்."